ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டத்தில் ஒரு தனிப் பதவி இருந்தது. சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழுது தெருவையே கூட்டிவிடும் சிறு குழந்தைக்கும், யாராவது ஓர் அம்மா அதட்டிவிட்டுப் போனபின் வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்து இறக்கிவிடப்படும் தம்பிக்கும் அந்தப் பதவி வழங்கப்படும். அதற்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். அப்பதவியில் இருப்பவர் மற்றவர்களோடு ஓடலாம், கூச்சல் போடலாம், வரிசையில் நிற்கலாம். ஆனால் அவரை யார் தொட்டாலும் அவர் அவுட் ஆவதில்லை, அவர் யாரைத் தொட்டாலும் அவர்களும் அவுட் ஆவதில்லை. அந்தக் குழந்தைக்கு இது தெரியாது. தானும் விளையாடுவதாகவே நம்பி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொருவரும் அப்பதவியிலிருந்து விடுபட்டுவிடுவார்கள். நான் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதில் இருந்தேன். விவரம் தெரிந்தே இருந்தேன்.

சப்பாணி என்பது நடக்க இயலாதவரைக் குறிக்கும் பழைய சொல். எனக்குக் கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன, கண்கள்தாம் பார்க்கவில்லை. ஓர் ஊனத்தின் பெயரை இன்னோர் ஊனத்துக்குச் சூட்டிய அந்தப் பிள்ளைகளுக்கு அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவர்கள் அன்பாகவே இருந்தார்கள். என் குழந்தைப் பருவத்தின் தொல்லையே அந்த அன்புதான் என்று எழுதினால் நன்றி கெட்டவளாகத் தோன்றுவேன். ஆயினும் அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் 1982ஆம் ஆண்டில், திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலுக்கு அருகே, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தேன். அம்மா தன் தாய்மாமனையே மணந்தவர். எங்கள் பக்கத்தில் அது அன்று பேச்சுக்குரிய செய்தியே அல்ல. கைக்குழந்தையாக இருந்தபோது நான் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் ஆச்சி. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், விழித்திரையின் செல்கள் பிறவியிலேயே வேலை செய்யவில்லை என்றும், பெற்றோர் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் இரட்டையாக வந்து சேர்ந்தால் இவ்வாறு நேரும் என்றும், சொந்தத்தில் மணந்தால் அதற்கான வாய்ப்புக் கூடும் என்றும், அறுவை சிகிச்சையாலோ கண்ணாடியாலோ இதைச் சரிசெய்ய இயலாது என்றும் மருத்துவர் விளக்கியிருக்கிறார். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. என் அண்ணன் தப்பித்துக்கொண்டான்; சீட்டு எனக்கு விழுந்தது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியும். பகலில் வாசல் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ள அது போதும்; வேறெதற்கும் போதாது.

மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள அம்மாவுக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. சாத்தூருக்கு அருகே உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆண்டுதோறும் என்னை அழைத்துச் சென்று கண்மலர் வாங்கிச் செலுத்துவார். கண்ணின் உருவம் தட்டிய அந்தச் சிறு வெள்ளித் தகட்டை என் கையில் கொடுத்து, உண்டியலில் என்னையே போடச் சொல்வார். நான் உடனே போடமாட்டேன். விரலால் தடவிக்கொண்டே நிற்பேன். இரு முனையும் கூராக, நடுவில் புடைத்து, அதற்குள் ஒரு வட்டம். மற்றவர்களுக்குக் கண் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு இமையை மூடி என் கண்ணையும் தடவுவேன். அதுவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அப்படியிருக்க எதற்காக இத்தனை தூரம் பேருந்தில் வந்தோம் என்பது எனக்கு விளங்காது.

தமிழில் பார்க்காமல் எந்தச் செயலையும் செய்து முடிக்க இயலாது. பழத்தைத் தின்று பார்க்க வேண்டும். பூவை முகர்ந்து பார்க்க வேண்டும். பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இம்மொழி ஐந்து புலன்களையும் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்ளலாம். பார்ப்பதை மற்ற நான்கு புலன்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது என்றும் கொள்ளலாம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் வீட்டுக்கு வரும் உறவினர்கள் என் முன்னால் அந்தச் சொல் வாயில் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். "இந்த முறுக்கத் தின்னு பா..." என்று தொடங்கி, "தின்னு தாயி" என்று முடிப்பார் ஓர் அத்தை. விழுங்கப்பட்ட அந்த அரைச் சொல்லுக்குள் நான் மற்றப் பிள்ளைகளிலிருந்து பிரிந்து வேறு எங்கோ போய்விடுவேன். ஆச்சி மட்டும் ஒருநாளும் நாக்கைக் கடித்ததில்லை. குடத்தைத் தட்டிவிட்டு நான் விழித்துக்கொண்டு நின்றால், "அங்க என்னட்டி பராக்குப் பாத்துக்கிட்டு நிக்க?" என்று கேட்பார். என்னிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கண்ணைக் கட்டி விளையாடும் ஆட்டத்தில் நான் வெற்றிமேல் வெற்றி பெற்றிருப்பேன் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நான் அதில் படுமோசம். கண் கட்டப்பட்ட மற்ற எல்லாரும் என்னைவிட வேகமாக ஓடி, என்னைவிடச் சரியாகப் பிடித்தார்கள். பிறந்தது முதல் இதே இருட்டில் பழகிய என்னால் ஏன் முடியவில்லை என்று நெடுநாள் வெட்கப்பட்டேன். துணியின் கீழ்விளிம்பு வழியாகத் தரையையும் கால்களையும் பார்த்துக்கொண்டுதான் எல்லாரும் அந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள் என்பதை அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். என் முறை வரும்போதோ, என் கைக்கு வாகாக யாராவது வந்து நின்றுகொண்டு, பிடிபட்டதும் "ஐயையோ" என்று அலறுவார்கள். அலறலில் பொய் இருந்தால் காதுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குப் பிடிபட்டவர்கள் யாரும் உண்மையில் பிடிபடவில்லை.

பாண்டி ஆட்டத்தில் இன்னும் மோசம். தரையில் கரிக்கட்டையால் கட்டம் போட்டு, ஓட்டுச் சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் கோட்டை மிதிக்காமல் தாண்ட வேண்டும். சில்லு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மீதியை எண்ணிக்கையால் சமாளித்துவிடுவேன். ஆனால் கோட்டை மிதித்தேனா இல்லையா என்பதை நான் எப்படி அறிவேன்? "மிதிக்கல, மிதிக்கல, போ" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். எட்டுக் கட்டத்தையும் ஒருமுறைகூட மிதிக்காமல் தாண்டும் வல்லமை ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்பதைக் கவனித்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்த விடுமுறையில், பழைய கிணற்றுக் கயிற்றைப் பிரித்து, புரி புரியாக எடுத்து, கோடுகளின்மேல் வைத்து, இரு முனையிலும் முளை அடிக்கச் சொல்லி அண்ணனை நச்சரித்தேன். அடித்துக் கொடுத்தான். அன்று மாலை மூன்றாவது கட்டத்தில் என் குதிகாலின் கீழே கயிறு நறுக்கென்று பட்டது. நான் அவுட் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "பரவாயில்ல, ஒனக்குக் கெடையாது, ஆடு" என்றாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. நான் மறுத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். தோற்றுப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அடுத்த முறைக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காத்திருப்பவர்கள் பேசும் பேச்சு ஆட்டத்தைவிடச் சுவையாக இருந்தது. ஒரு வாரத்தில் அந்தக் கயிறு தடுக்கி ஒருத்தி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டதால் கயிறு போயிற்று, என் அவுட்டும் அதோடு போயிற்று.

எந்தக் கயிறும் இல்லாமல் நான் நேர்மையாகத் தோற்ற இடம் ஆச்சியின் பல்லாங்குழிப் பலகை. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. கையால் அள்ளி, கையால் போட்டு, கையால் தடவிக் கணக்குப் பார்க்கும் அந்த ஆட்டம் எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. நான் விரலால் தடவி உணர்வதற்குள் ஆச்சி பசுவை அள்ளியிருப்பார். பொறுத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. என் குழிகள் எல்லாம் காலியாகும்வரை ஆடி, கடைசியில் "எந்திரிச்சிப் போ, போயி எங்கயாவது படிச்சிட்டு வா" என்பார். ஒருநாள் ஆட்டம் முடிந்து கொட்டைகளைப் பையில் போடும்போது வழக்கம்போல் எண்ணினேன். அறுபத்தாறுதான் இருந்தன. மறுநாளும் அறுபத்தாறு. அதற்கடுத்த நாள் காலையில் ஆடத் தொடங்குமுன் எண்ணினால் எழுபது. என்னிடம் கள்ளாட்டம் ஆடுகிறார் என்பது புரிந்தது. கேட்டதற்கு, "எண்ணத் தெரியாத கழுத" என்று என்னையே ஏசினார். என் கண் தெரியாததைப் பயன்படுத்திக்கொள்கிறாரே என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டமே நின்றுவிடும்.

சைக்கிள் கதையை அண்ணன் வேறு விதமாகச் சொல்வான். இது என் பாடம். 1993 கோடை விடுமுறையில், குளம் வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்தபோது, வாடகைச் சைக்கிள் எடுத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பழகினார்கள். அண்ணனை நான் நாலைந்து நாட்கள் கெஞ்சினேன். ஒருநாள் மதியம், வீட்டில் அனைவரும் உறங்கும் நேரத்தில், என்னைக் குளத்துக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று அறிய எனக்குக் கண் தேவைப்படவில்லை. காதுக்குள்ளும் இடுப்பிலும் அது தெரிந்தது. முகத்தில் காற்று அடித்தது. நான் நடந்து ஒருநாளும் உண்டாக்க முடியாத காற்று அது. சிறிது நேரத்தில் பின்னால் அவன் காலடிச் சத்தம் நின்றுவிட்டதை உணர்ந்தேன். பிடியை விட்டுவிட்டான். நேரே போய் ஓர் உடைமரத்தில் மோதினேன். முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்தது. கையிலும் கழுத்திலும் முள்.

வீட்டில் விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் அண்ணனுக்கு விழுந்த அடிகளின் ஒலி இன்றும் எனக்குக் கேட்கிறது. நான்தான் கேட்டேன், நான்தான் ஏறினேன் என்று கத்தினேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். ஒரே குற்றத்தை இரண்டு பேர் செய்தோம்; ஒருவனுக்கு அடி, மற்றவளுக்கு மடி. அப்போது நான் அழுதது முள் குத்திய வலியால் அல்ல. எனக்கு அடி விழவில்லை என்பதால்தான். ஊனமுற்ற பிள்ளையோடு பிறந்தவர்கள் படும் பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவன் என்னோடு விளையாடினால் பாதுகாக்கவில்லை என்று அடி. பாதுகாத்து வீட்டில் வைத்தால் என்னிடம் ஏச்சு. பல ஆண்டுகள் கழித்து, அவனுடைய திருமணத்துக்கு முந்தைய இரவு, "அன்னிக்கு நான் கேரியர விட்டது தெரியாம இல்ல, வேணும்னுதான் விட்டேன், எங்களுக்கெல்லாம் அப்பிடித்தான் சொல்லித் தந்தாங்க" என்றான்.

இனி பீடி. எங்கள் பக்கத்துப் பெண்களின் பெரும்பிழைப்பு அதுதான். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், வாயில் ஊர்க்கதை. நனைத்த இலையைத் தகட்டளவில் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, தலையை மடக்க வேண்டும். என் வயதுப் பெண்கள் எல்லாரும் பள்ளி விட்டு வந்ததும் சுளகோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டு கூலிக்கு உட்கார்ந்திருந்த அந்தத் திண்ணைகளைப் போற்றி எழுத எனக்கு மனமில்லை. அது ஒழிய வேண்டிய வழக்கம். ஆனால் அன்று எனக்கு இருந்த கவலை வேறு. அவர்கள் எல்லாருக்கும் வேலை இருந்தது, எனக்கு இல்லை. வேலை சொல்லப்படாத பெண்ணுக்கு எங்கள் ஊரில் பேச்சிலும் இடமில்லை.

அம்மா கத்தரியைத் தரவில்லை. சுருட்டுவதற்கு மட்டும், அதுவும் ஆச்சியின் சிபாரிசில், இடம் கொடுத்தார். இலையின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை விரல் நுனியால் கண்டுபிடித்து, அதன் போக்கிலேயே உருட்டினால் இலை கிழியாது. அதைக் கற்க ஒரு மாதம் ஆயிற்று. நான் சுருட்டியவற்றை அம்மா தன் பீடிகளோடு கலந்து, வாரக் கடைசியில் பீடிக்கடைக்குக் கொண்டுபோனார். நானும் உடன் போனேன். கணக்குப்பிள்ளை கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அழுத்திப் பார்த்தார். "இது என்ன, தொளதொளன்னு? யாரு சுத்துனது?" என்று கேட்டபடியே எதையோ தரையில் வீசினார். மறுபடியும் வீசினார். அம்மா பேசாமல் நின்றார். யார் சுற்றியது என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஒன்றைக்கூடக் கழித்திருக்கமாட்டார், "ஐயோ, பிள்ளையா சுத்திச்சு?" என்று கண்ணீர் விட்டிருப்பார். கழித்துப் போட்ட பீடிகளுக்கு ஈடாக அம்மாவுக்குக் கூலி குறைந்தது. வீடு திரும்பும் வழியில் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்: தூளைச் சிந்துகிறாய், இறுக்கிக் கட்டுவதில்லை, நாளையிலிருந்து தொடாதே. எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1989இல், ஏழு வயதில், பார்வையற்றோருக்கான ஒரு விடுதிப் பள்ளியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். மேலே சொன்னவை எல்லாம் விடுமுறைகளில் நடந்தவை. பார்வையற்றோர் கல்விக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய அம்மையார் 1890இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி, இந்தியாவிலேயே மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளில் ஒன்று. நான் சேர்ந்தது வேறோர் ஊரில். முதல் நாள் மாலை, தாழ்வாரத்தில் ஓடிவந்த ஒருத்தி என்மேல் முழு வேகத்தில் மோதி, "எருமை, சத்தம் குடுத்துட்டு நிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள். நாற்பது பெண் பிள்ளைகளில் யாரும் யாருக்கும் ஒப்புக்குச் சப்பாணி இல்லை. சோறு மோசம், தண்ணீருக்குச் சண்டை, விடுதிக் காப்பாளரின் பிரம்புக்கு ஆள் வேறுபாடு கிடையாது. அம்மாவை நினைத்து இரவில் அழுதேன் என்பது உண்மை. பகலில் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதும் உண்மை. அதை அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று எனக்குள் ஏதோ தடுத்தது.

அங்கேதான் விரலால் தடவி வாசிக்கும் புள்ளிகளைக் கற்றேன். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951இல் உருவானது. மேலிருந்து கீழாக மூன்று மூன்றாக இரண்டு நிரலில் ஆறு புள்ளிகள். அவற்றைக் கூட்டியும் குறைத்தும் 63 வடிவங்கள். முதல் புள்ளி மட்டும் இருந்தால் அ. 3, 4, 5, 6 இருந்தால் ண. நான்காம் புள்ளியைத் தவிர மற்ற ஐந்தும் இருந்தால் ழ. பலகைச் சட்டத்தில் தடித்த தாளைச் செருகி எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ஓலையும் எழுத்தாணியும் போய்விட்டன என்று எழுதுகிறவர்கள் எங்கள் வகுப்பறைக்குள் ஒருமுறை வந்திருக்க வேண்டும்.

இந்த ஆறு புள்ளிகளை அமைத்த லூயி பிரெய்லின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஆசிரியர் சொன்னபோது, எல்லாரும் அவர் கண்டுபிடித்ததைப் பேசினார்கள். எனக்கு அவருடைய ஊர்ப் பள்ளிதான் மனத்தில் நின்றது. 1809இல் பிரான்சின் கூப்வ்ரே என்ற சிற்றூரில் பிறந்தவர். குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில், மூன்று வயதில், கூரிய கருவி கண்ணில் பட்டு, காயம் சீழ்பிடித்து, இரு கண்களும் போயின. தந்தை அவருக்குக் கைத்தடிகள் செய்து கொடுத்தார். ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்தார். கேட்டதை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டார். ஆனால் அவர்கள் பலகையில் எழுதும்போது அவர் சும்மா இருந்தார். 1819இல் பாரிஸில் உள்ள பார்வையற்றோர் பள்ளிக்குப் போனபோது அவருக்கு வயது பத்து. ஆறு புள்ளி முறையை அமைத்தபோது பதினைந்து. மற்றவர்கள் எழுத, சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஊர்ப் பள்ளி நாட்கள் அவர் விரலில் அரித்துக்கொண்டே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. சான்று கேட்டால் என் விரல்களைத்தான் காட்ட முடியும்.

1996இல், ஒன்பதாம் வகுப்புக்கு, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. சம வாய்ப்பு, உரிமைப் பாதுகாப்பு, முழுப் பங்கேற்பு என்ற மூன்றும் அச்சட்டத்தின் பெயரிலேயே இருந்தன. முழுப் பங்கேற்பு என்ற சொல்லை ஆச்சிக்கு விளக்கியபோது, "ஒப்புக்குச் சப்பாணி இல்லன்னு எழுதிருக்காம்" என்று அண்ணன் குறுக்கே புகுந்து மொழிபெயர்த்தான். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பழைய பதவி காத்திருந்தது. வரைபடம் குறிக்கும் வினாவை விட்டுவிடு. வடிவியல் உனக்கு வேண்டாம். விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளுக்கும் காவல் இரு. எல்லாவற்றையும் மிகுந்த கனிவோடு சொன்னார்கள். தமிழ் வகுப்பில் சொல்வதை எழுதும்போது, "மூன்று சுழி ண போடு" என்றார் ஐயா. சுழி என்றால் என்ன என்று கேட்டேன், வகுப்பு சிரித்தது. பிரெய்லில் சுழி இல்லை, கொம்பு இல்லை, கால் இல்லை. அச்சில் 'கொ' என்பதற்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வருமாம். எங்களுக்குக் க, அதையடுத்து ஒ, அவ்வளவுதான், காதில் விழும் வரிசையில். தமிழர்கள் தங்கள் எழுத்துகளுக்கு உடம்பு வைத்துப் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பதினான்கு வயதில் தெரிந்த செய்தி. அன்று மாலை அண்ணன் என் முதுகில் விரலால் மூன்று சுழி போட்டுக் காட்டினான்.

தேர்வுகளை எனக்காக எழுதியவள் ஒரு வகுப்பு கீழே படித்த ஒரு சிறுமி. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம் என்ற வரையறையெல்லாம் பின்னாளில் வந்தது. அன்று தலைமையாசிரியரின் மனநிலைப்படி நேரம் கிடைக்கும். காலாண்டுத் தேர்வில் நான் சொன்ன விடை ஒன்று தவறு என்பது வெளியே வந்தபின் தெரிந்தது. விடைத்தாளில் மதிப்பெண் வந்திருந்தது. அந்தச் சிறுமி திருத்தி எழுதியிருக்கிறாள். கேட்டபோது, "பாவம்னு போட்டேன்க்கா" என்றாள். அடுத்த தேர்வில் ஒவ்வொரு விடையையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நேரம் போதாமல் இரண்டு வினாக்களை விட்டேன்.

அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். வாயில் கனிவு என்பதே கிடையாது. மிதிவண்டி டியூபை வெட்டிப் பலகையில் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு மேலே புடைத்து நிற்கும் என்பதை எங்கிருந்தோ அறிந்துவந்து, வட்டத்தையும் நாணையும் தொடுகோட்டையும் என் விரலுக்குக் கொண்டுவந்தார். வடிவியல் தேர்வில் எனக்கு 25க்கு 7. தாளை மேசையில் போட்டு, "மண்டையில என்ன இருக்கு ஒனக்கு?" என்று வகுப்பே கேட்கும்படி கேட்டார். அடுத்த இருக்கைப் பெண் எனக்காக வருந்தி மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு 6.

ஆச்சி 2004இல் இறந்தார். அப்போது நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிற்பகலில், பெண்கள் எல்லாரும் பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஆச்சியின் பெட்டியைப் பிரித்தார்கள். வெற்றிலைச் செல்லம், இரண்டு சேலைகள், பல்லாங்குழிப் பலகை, கொட்டைப் பை. நான் பையை வாங்கி மடியில் கவிழ்த்து எண்ணத் தொடங்கினேன். எதற்கு எண்ணுகிறாய் என்று பெரியம்மா கேட்டார். பத்து வயதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்: ஆச்சி என்னிடம் கொட்டையை ஒளித்தார், எனக்குக் கண் தெரியாது என்பதால்.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் கையில் தெறித்தது. "ஒங்கிட்ட மட்டுமாட்டி? எங்கம்மா எல்லாருகிட்டயும் கள்ளாட்டந்தான். ரெண்டு கண்ணும் தொறந்துக்கிட்டு எதுக்க இருந்தே நாங்க தோத்திருக்கோம். முந்தியில முடிஞ்சி வச்சிக்கிடுவா" என்றார். சித்தியும் தன் பங்குக்குச் சொன்னார், அம்மாவும் சொன்னார், சம்பந்தி வீட்டம்மாளிடமே நான்கு கொட்டையை மறைத்து வென்ற கதையைச் சொன்னார்கள். நான் எண்ணி முடித்தேன். எழுபது இருந்தன. பலகையை விரித்து, யார் ஆட வருகிறீர்கள் என்று கேட்டேன்.